அமைச்சராக இருந்தவர் நீதிபதியானபோது: வி. ஆர். கிருஷ்ண ஐயர் – ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்த ஆய்வு

கட்சி மேடையில் நின்றவர் நீதிபதி ஆசனத்தில் உட்காரலாமா என்ற கேள்வி நம் நாட்டில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளம்பும். பரிந்துரைப் பட்டியலில் ஒரு பெயர் வரும். அவருடைய பழைய பேச்சுகளைத் தோண்டி எடுப்பார்கள். எதிர்ப்பவர்கள் நீதித்துறையின் சுதந்திரம் போச்சு என்பார்கள். ஆதரிப்பவர்களோ, ‘கிருஷ்ண ஐயரும் அமைச்சராக இருந்தவர்தானே’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் நாற்பது சொச்சம் ஆண்டுகளை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை.

வக்கீல், சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர், மறுபடி வக்கீல், உயர் நீதிமன்ற நீதிபதி, உச்ச நீதிமன்ற நீதிபதி. இந்தப் படிகளில் ஒவ்வொன்றிலும் எடுக்கப்பட்ட முடிவு என்ன, அதற்குக் காரணம் என்ன, விளைந்தது என்ன என்று வரிசையாகப் பார்ப்பதே நோக்கம். பொறுப்பில் இருந்தவர்களின் பெயர்கள் பொதுப் பதிவில் உள்ளவை, அவற்றைச் சொல்லியிருக்கிறேன். வழக்குகளில் வந்துபோன கைதிகள், கூலிக்காரர்கள் பெயர் இங்கே தேவையில்லை.

தலச்சேரி

1915-ல் பாலக்காடு வைத்தியநாதபுரத்தில் பிறந்தார். அன்றைக்கு அது மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டம். குடும்பம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், அப்பா வக்கீல். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம், சென்னையில் சட்டம். 1930-களின் கடைசியில் தலச்சேரியில் தொழிலைத் தொடங்கினார்.

வடக்கு மலபார் அப்போது கொதித்துக்கொண்டிருந்த இடம். நிலவுடைமையாளர்களான ஜன்மிகளுக்கும் குத்தகை விவசாயிகளுக்கும் தகராறு, தொழிற்சங்கங்கள், கம்யூனிஸ்ட் இயக்கம். தலச்சேரி வக்கீல்கள் மத்தியில் நல்ல பெயர் எடுத்த இளம் வக்கீல் ஜன்மிகளின் சொத்து வழக்குகளிலேயே சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். இவர் விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் ஆஜரானார். அதன் பலனாக 1948-ல், கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று அவரையே பிடித்துச் சுமார் ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். வக்காலத்துப் போட்டதையே குற்றத்துக்கு உடந்தையாக அரசு பார்த்த காலம். வக்கீலாக வெளியிலிருந்து பார்த்த சிறையை இந்த முறை உள்ளேயிருந்து பார்த்தார்.

சட்டமன்றமும் அமைச்சரவையும்

1952-ல் கூத்துபறம்பிலிருந்து சுயேச்சையாக மதராஸ் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். ராஜாஜி முதலமைச்சராக இருந்த அவை அது. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்து கேரளம் உருவானது. 1957 தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி 126 இடங்களில் 60-ஐப் பிடித்தது. அதன் ஆதரவு பெற்ற சுயேச்சைகள் 5 பேர். இந்த 5 பேர் இல்லாமல் பெரும்பான்மை இல்லை. தலச்சேரியில் ஜெயித்த கிருஷ்ண ஐயர் அவர்களில் ஒருவர். ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் சட்டம், மின்சாரம், நீர்ப்பாசனம், சிறைகள் உள்ளிட்ட துறைகளைக் கவனித்தார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் கட்சி உறுப்பினர் அல்ல, ஆதரவு பெற்ற சுயேச்சை. பிற்காலத்தில் அவரைத் தாங்கிப் பேசுபவர்கள் இதைப் பெரிதாகச் சொல்வார்கள். என் பார்வையில் இந்த வேறுபாடு ரொம்ப மெல்லியது. ஒரு கட்சியின் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக உட்கார்ந்தவரை, உறுப்பினர் அட்டை இல்லை என்பதற்காக நடுநிலையாளர் என்று சொல்ல முடியாது. கேள்வி அங்கே முடியவில்லை என்று வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

1959 ஜூலை 31-ல் அரசு கலைக்கப்பட்டது. 1960 தேர்தலில் கைவிரலால் எண்ணிவிடக்கூடிய அளவு வாக்குகளில் அவர் தோற்றதாக அறிவித்தார்கள். அவர் தேர்தல் வழக்குத் தொடுத்தார்; வழக்கின் முடிவில் அவரே தேர்வானவர் என்றானது. ஆக, தேர்தல் வழக்கு என்றால் என்ன, அறிவிக்கப்பட்ட முடிவு நீதிமன்றத்தில் எப்படிப் புரளும் என்பதை வழக்குத் தொடுத்தவராக இருந்தே அனுபவித்தவர். 15 ஆண்டு கழித்து இதே வகை வழக்கு ஒன்று அவர் மேசைக்கு வரப்போகிறது.

1965 தேர்தலில் தோல்வி. அரசியல் அத்தோடு நின்றது. முழுநேர வக்கீலாகத் திரும்பினார்.

முதல் தாண்டல்: 1968

1968 ஜூலையில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். கடைசித் தேர்தலுக்கும் இதற்கும் இடையே மூன்றே ஆண்டு. நியமனம் நடந்த சூழலைத் தள்ளி வைத்துவிட்டு இதை எடைபோட முடியாது.

1967-ல் ஈ.எம்.எஸ். மறுபடி முதலமைச்சர் ஆகியிருந்தார். அந்த நவம்பரில் செய்தியாளர்களிடம், நீதித்துறை ஒடுக்குமுறையின் கருவி, நீதிபதிகள் வர்க்கச் சார்பு உள்ளவர்கள் என்ற பொருளில் பேசினார். நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. 1968 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அவர் குற்றவாளி என்று தீர்த்து 1,000 ரூபாய் அபராதம் போட்டது. (1970-ல் உச்ச நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை உறுதிசெய்து அபராதத்தை 50 ரூபாயாகக் குறைத்தது.) முதலமைச்சரைத் தண்டித்த அந்த நீதிமன்றத்திலேயே, அதே முதலமைச்சரின் பழைய சட்ட அமைச்சர் ஐந்து மாதத்தில் நீதிபதியாகப் பதவியேற்கிறார். சந்தேகப்பட யாருக்கும் தனியாகக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

அன்றைய முறைப்படி நியமனத்தில் கடைசிச் சொல் நிர்வாகத்துக்கு. நீதிபதிகளிடம் கலந்தாலோசிப்பதோடு சரி. மூத்த நீதிபதிகளே பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் வந்தது 1993-க்குப் பிறகு. மூன்று ஆண்டு இடைவெளி போதுமா, பழைய அரசோடு தொடர்புடைய வழக்குகளில் என்ன செய்வது என்றெல்லாம் எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. எல்லாம் அந்த மனிதரின் பக்குவத்தை நம்பி விடப்பட்டது. இந்த ஆய்வில் எனக்குக் கண்ணில் பட்ட முதல் பலவீனம் இது.

உயர் நீதிமன்றத்தில் மூன்று ஆண்டு. பிறகு 1971 முதல் 1973 வரை இந்தியச் சட்ட ஆணைய உறுப்பினர். அந்தக் காலத்தில் ஏழைகளுக்குச் சட்ட உதவி பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவுக்குத் தலைவராக இருந்து 1973-ல் அறிக்கை கொடுத்தார். இன்றைக்கு மாவட்டந்தோறும் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களின் வேர்களில் ஒன்று அந்த அறிக்கை. 1976-ல் அரசியலமைப்பில் 39ஏ பிரிவு, 1987-ல் தனிச் சட்டம் என்று அது நீண்டது.

இரண்டாவது தாண்டல்: 1973

1973 ஏப்ரல் 24-ல் கேசவானந்த பாரதி தீர்ப்பு; அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று அரசுக்கு எதிராக வந்தது. அடுத்த இரண்டு நாளில் ஷெலட், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ. என். ராய் தலைமை நீதிபதி ஆனார். மூவரும் ராஜினாமா செய்தார்கள். நாடு முழுக்க வக்கீல்கள் கொதித்தார்கள். சமூகப் பார்வை உள்ள நீதிபதிகள் வேண்டும் என்று அரசுத் தரப்பு நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகவே வாதிட்டது. அந்த வாதத்தை முன்னின்று வைத்தவர் மோகன் குமாரமங்கலம். அவரும் சென்னை வக்கீல், பழைய கம்யூனிஸ்ட், அப்போது மத்திய அமைச்சர்.

அந்தச் சூடு ஆறுவதற்குள், ஜூலை 17-ல், கிருஷ்ண ஐயர் உச்ச நீதிமன்ற நீதிபதி. அரசு தனக்கு வேண்டிய ஆளைக் கொண்டுவருகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். பம்பாயின் முன்னணி வழக்கறிஞர்கள் சிலர் நியமனத்தைப் பகிரங்கமாக எதிர்த்தார்கள். கம்யூனிஸ்ட் அமைச்சராக இருந்தவர் எப்படி நடுநிலையாக இருப்பார் என்பது அவர்கள் கேள்வி. எதிர்த்தவர்களில் ஒருவர் பின்னாளில் இந்தியாவின் அட்டர்னி ஜெனரல் ஆனார்; தன் எதிர்ப்பு தவறாகப் போனதென்று அவரே சொன்னார்.

அவர் அப்படிச் சொன்னதை வைத்து எதிர்ப்பே தவறு என்று முடிவு கட்டக் கூடாது. 1973 ஜூலையில் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமானது. பதில் அதற்குப் பிறகுதான் வந்தது.

1975 ஜூன்: ஒரு தொலைபேசி அழைப்பு

1975 ஜூன் 12-ல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, ரேபரேலியில் இந்திரா காந்தி 1971-ல் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஆறு ஆண்டு தேர்தலில் நிற்கத் தடை. மேல்முறையீடு செய்வதற்காக அந்த நீதிமன்றமே 20 நாள் அவகாசம் கொடுத்திருந்தது. உச்ச நீதிமன்றத்துக்கோ கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதியாக இருந்தவர் கிருஷ்ண ஐயர். ஸ்டே மனு அவர் ஒருவர் முன்னால்தான் வந்தாக வேண்டும்.

மனு தாக்கலாகும் முன் மத்திய சட்ட அமைச்சர் ஹெச். ஆர். கோகலே அவருக்குத் தொலைபேசியில் பேசினார்; நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றார். எது விஷயமாக என்று கிருஷ்ண ஐயர் கேட்டார். பிரதமரின் மேல்முறையீடு என்று தெரிந்ததும், அதற்கு நேரில் பார்க்கத் தேவையில்லை, மனுவை நீதிமன்ற அலுவலகமான ரெஜிஸ்ட்ரியில் தாக்கல் செய்யுங்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

இந்த உரையாடலில் ஒரு வேடிக்கை உண்டு. கோகலே முன்பு பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். நீதிபதியாக இருந்து அமைச்சரானவர், அமைச்சராக இருந்து நீதிபதியானவருக்குப் போன் செய்கிறார். அது மட்டுமல்ல, 1973-ல் இவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தபோதும் சட்ட அமைச்சர் அதே கோகலேதான்.

அந்த நேரத்தில் அவருக்கு இருந்த வழிகளைப் பார்ப்போம். ‘வாருங்கள், ஒரு காபி குடித்துவிட்டுப் போங்கள்’ என்று மரியாதைக்கு வரச் சொல்லியிருக்கலாம். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல்கூட அனுப்பியிருக்கலாம். ஆனால் மறுநாள் என்ன உத்தரவு போட்டாலும் அந்தக் காபி அதன் மேல் கறையாக ஒட்டியிருக்கும். இரண்டாவது வழி, என்னை நியமித்த அரசின் வழக்கு என்று விலகுவது. அது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த முறையில் எல்லா நீதிபதிகளையும் நியமித்தது ஏதோ ஓர் அரசுதான். அதைக் காரணம் காட்டி ஒவ்வொருவராக விலகினால் அரசு வழக்குகளைக் கேட்க ஆள் இருக்காது. அவர் எடுத்தது மூன்றாவது வழி: சந்திப்பு கிடையாது, விசாரணை உண்டு, அதுவும் திறந்த நீதிமன்றத்தில்.

பழைய அரசியல்வாதி என்பதுதான் இங்கே அவருக்குக் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். அமைச்சர்கள் எதற்காகப் ‘பார்த்துவிட்டுப் போக’ வருவார்கள் என்று அமைச்சராக இருந்தவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஜூன் 23-ல் விசாரணை. பிரதமருக்காக நானி பல்கிவாலா, தேர்தல் வழக்குத் தொடுத்திருந்த ராஜ் நாராயணுக்காக சாந்தி பூஷண். முழுத் தடை வேண்டும் என்பது ஒரு தரப்பு. தடையே கூடாது என்பது மறு தரப்பு. மறுநாள் 24-ம் தேதி உத்தரவு. தேர்தல் மேல்முறையீடுகளில் வழக்கமாகக் கொடுக்கப்படும் நிபந்தனைத் தடையையே கொடுத்தார். உறுப்பினர் என்ற முறையில் இந்திரா காந்தி மக்களவைக்குப் போகலாம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடலாம். வாக்களிக்கக் கூடாது, உறுப்பினருக்கான ஊதியம் பெறக் கூடாது. பிரதமராகத் தொடர்வதற்கு, இரு அவைகளிலும் பேசுவதற்கு, பிரதமருக்குரிய ஊதியம் பெறுவதற்குத் தடையில்லை.

வேறொரு சாதாரண உறுப்பினர் வந்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதுவே பிரதமருக்கும் கிடைத்தது. இதில் இரு தரப்புக்கும் திருப்தியில்லை. ஆளுங்கட்சிக்கு, பிரதமரின் வாக்குரிமையைப் பறித்த அவமானம். எதிர்க்கட்சிகளுக்கு, பதவியில் நீடிக்க வழிவிட்ட ஏமாற்றம். 25-ம் தேதி இரவு நெருக்கடி நிலை. பிறகு நாடாளுமன்றம் தேர்தல் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தியது; நவம்பர் 7-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்திரா காந்தியின் வெற்றியை உறுதிசெய்தது. அந்த அமர்வில் கிருஷ்ண ஐயர் இல்லை.

1976-ல் ஆட்கொணர்வு வழக்கில், நெருக்கடி நிலையின்போது தனிமனிதச் சுதந்திரத்துக்காக நீதிமன்றத்தை அணுக முடியாது என்று நான்குக்கு ஒன்றாகத் தீர்ப்பு வந்தபோதும் அவர் அமர்வில் இல்லை. அவரை வீரராக்க விரும்புபவர்களும் சரி, குறை சொல்ல விரும்புபவர்களும் சரி, இதை மறந்துவிடுகிறார்கள். மிகக் கடினமான அந்தப் பரீட்சையை அவர் எழுத நேரவில்லை. எழுதியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பதில் பயனில்லை.

சாய்வு இருந்ததா?

இருந்தது. மறைக்கவே இல்லை.

பயந்தவர்கள் பயந்தது கட்சி விசுவாசத்தை. வந்ததோ வேறு. கைதி, கூலிக்காரர், தொழிலாளி ஆகியோர் பக்கம் அவர் தீர்ப்புகள் வெளிப்படையாகச் சாய்ந்தன. தலச்சேரி வக்கீலும் சிறைத்துறை அமைச்சரும் அவற்றில் தெரிகிறார்கள். மூன்று இடங்களைப் பார்க்கலாம்.

ஜாமீன். 1978-ல் மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு கொத்தனாரின் மனு வந்தது. அவருக்கு ஜாமீன் தரச் சொன்னது உச்ச நீதிமன்றமே. தொகையை மாஜிஸ்திரேட் முடிவு செய்யட்டும் என்று விட்டிருந்தது. மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். அன்றைக்கு ஒரு கொத்தனார் அந்தத் தொகைக்கு எங்கே போவார்? சகோதரர் பிணை நிற்க வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் தள்ளிவிட்டார்கள். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் விடச் சொன்ன ஆள் உள்ளேயே இருந்தார்.

கிருஷ்ண ஐயர் 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ பஹல்காமிலோ சாந்தினி சௌக்கிலோ ஒரு தமிழனோ மலையாளியோ கன்னடனோ தெலுங்கனோ கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள பிணையாளிக்கு எங்கே போவான் என்று தீர்ப்பிலேயே கேட்டார். உள்ளூரில் சொத்து இருக்கிறது என்று காட்டும் சால்வன்சி சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்கப்படும் வெளியூர்த் தொழிலாளியை இன்றைக்கும் எந்த மாஜிஸ்திரேட் நீதிமன்ற வராந்தாவிலும் பார்க்கலாம். தீர்ப்பு வந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது.

சிறை. திகார் சிறையிலிருந்த ஒரு மரண தண்டனைக் கைதி, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தனக்காக அல்ல. தலைமை வார்டன் ஒருவர், பார்க்க வரும் உறவினரிடமிருந்து பணம் கறப்பதற்காக இன்னொரு கைதியைத் தடியால் கொடூரமாகச் சித்திரவதை செய்தார் என்பது கடிதத்தின் சாரம். முறையான மனு இல்லை, கோர்ட் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை. கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டார்கள். நீதிமன்றத்துக்கு உதவ இரண்டு வக்கீல்களை நியமித்துச் சிறைக்குள் அனுப்பி, சாட்சிகளைப் பார்க்கச் சொன்னார்கள். 1979 டிசம்பர் 20-ல் தீர்ப்பு. அதில் உள்ள உத்தரவுகளைப் படிக்கும்போது நீதிபதியின் கை தெரிவதைவிடச் சிறைத்துறையை நடத்தியவரின் கை அதிகம் தெரியும். சிறைக்குள் புகார்ப் பெட்டி வைக்க வேண்டும். மாவட்ட நீதிபதி அவ்வப்போது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வக்கீல்களை நியமித்து கைதிகளைச் சந்திக்க விட வேண்டும். தனிக்கொட்டடி போன்ற தண்டனை கொடுத்தால் அமர்வு நீதிபதிக்குத் தெரிய வேண்டும். புகார் எந்த வழியில் போகும், எந்த மேசையில் தேங்கும் என்று தெரிந்தவர் எழுதிய உத்தரவு அது.

மூன்றாவது இடம் அவ்வளவு சுலபமானது அல்ல. 1978 பிப்ரவரியில் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, தொழில் தகராறு சட்டத்தில் ‘தொழில்’ என்பதன் எல்லை எது என்று ஆராய்ந்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் கிருஷ்ண ஐயர். முறையான செயல்பாடு, முதலாளி–தொழிலாளி கூட்டுறவு, மனிதத் தேவைக்கான பொருள் அல்லது சேவை என்ற மூன்றும் இருந்தால் அது தொழில்தான். லாப நோக்கம் தேவையில்லை. மருத்துவமனை, கல்வி நிலையம், அறக்கட்டளை என்று பலவும் வலைக்குள் வந்தன. இரண்டு நீதிபதிகள் இந்த நீட்சிக்கு முழுதாக உடன்படவில்லை. வரையறையைச் சுருக்கி 1982-ல் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. அந்தப் பிரிவை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கை மட்டும் வரவே இல்லை. தொழிலாளர் தரப்பு வக்கீலாக இருந்தவர் எழுதிய தீர்ப்பு என்று இதைக் குறை சொன்னால், அதை மறுப்பது கஷ்டம். ஆனால் அவர் மட்டும் அதைச் செய்யவில்லை. ஏழில் ஐந்து பேர் அந்த முடிவுக்கு வந்தார்கள்.

மரண தண்டனையிலும் இப்படித்தான். 1979-ல் மூன்று நீதிபதிகள் அமர்வில், கொலை எவ்வளவு கொடூரம் என்பதை மட்டும் பார்க்கக் கூடாது, கொலையாளி சமூகத்துக்குத் தொடர்ந்து ஆபத்தானவரா என்று பார்க்க வேண்டும் என்ற திசையில் எழுதினார். ஒரு நீதிபதி, இது நாடாளுமன்றத்தின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அல்ல என்று மாறுபட்டு எழுதினார். அடுத்த ஆண்டே பச்சன் சிங் வழக்கில் அரசியலமைப்பு அமர்வு அந்த அணுகுமுறையை ஏற்காமல், ‘அரிதிலும் அரிதான’ வழக்கு என்ற அளவுகோலை வைத்தது.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். தீர்ப்பில் எழுத்தாக வந்த சாய்வைச் சக நீதிபதி மறுக்கலாம், பெரிய அமர்வு திருத்தலாம், நாடாளுமன்றம் சட்டம் போட்டு மாற்றலாம். மூன்றும் அவர் விஷயத்தில் நடந்திருக்கின்றன. தொலைபேசியில் வரும் சாய்வை அப்படி யாரும் திருத்த முடியாது. அது எங்கேயும் எழுத்தில் இருக்காது. அரசியல் பின்னணி உள்ளவரின் கருத்துகளைப் பார்த்துப் பயப்படுபவர்கள், அவருடைய தொடர்புகளைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய ஆங்கிலம். சமஸ்கிருதச் சொல், லத்தீன் சொல், அவரே கோத்த புதுச் சொல் என்று அடுக்கடுக்காகப் போகும். ஏழைக்காக எழுதிய தீர்ப்பை அந்த ஏழையின் வக்கீலே அகராதியோடு படிக்க வேண்டியிருந்தது. கீழ் நீதிமன்றங்களில் அந்தத் தீர்ப்புகள் மேற்கோளாக வந்த அளவுக்கு நடைமுறையாக இறங்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஓய்வும் அதன் பிறகும்

1980 நவம்பர் 14-ல் ஓய்வு பெற்றார். கொச்சிக்குப் போனார். எழுதினார், பேசினார், மனித உரிமை இயக்கங்களோடு நின்றார். 1987-ல் எதிர்க்கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளரானார். எதிரே காங்கிரஸின் ஆர். வெங்கட்ராமன். இருவருமே பழைய மதராஸ் மாகாணத்து வக்கீல்கள், தொழிலாளர் வழக்குகளில் பெயர் எடுத்தவர்கள், அமைச்சர்களாக இருந்தவர்கள். 7,40,148-க்கு 2,81,550 என்று கிருஷ்ண ஐயர் தோற்றார். 2014 டிசம்பர் 4-ல் காலமானார்.

ஓய்வுக்கும் அந்த வேட்பு மனுவுக்கும் இடையே ஏழு ஆண்டு. விதி எதுவும் கேட்காத இடைவெளி. அப்படி இருந்தும், நீதிபதியாக இருந்தவர் கட்சிகளின் வேட்பாளராவது சரியா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. இருந்தாலும் தலைமை நீதிபதியாக இருந்த சுப்பா ராவ் 1967-ல் பதவியை விட்டு விலகி நேராக அதே தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளராக நின்றதை நினைத்தால், ஏழு ஆண்டு எவ்வளவோ தேவலை.

ஒப்பிட இன்னொரு வாழ்க்கை

அசாமைச் சேர்ந்த பஹருல் இஸ்லாமும் வக்கீல். 1962 முதல் 1972 வரை காங்கிரஸ் சார்பில் மாநிலங்களவை உறுப்பினர். 1972-ல் விலகி குவாஹாத்தி உயர் நீதிமன்ற நீதிபதி. இங்கே இடைவெளி என்று சொல்ல எதுவுமே இல்லை. 1980-ல் அங்கே ஓய்வு பெற்றவரை அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1982 டிசம்பரில், பதவியிலிருந்த ஒரு காங்கிரஸ் முதலமைச்சர் மீதான குற்ற வழக்கை அரசு திரும்பப் பெறலாம் என்ற பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். 1983 ஜனவரியில், ஓய்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது ராஜினாமா செய்து காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குப் போட்டியிட முன்வந்தார். அந்த ஆண்டே மாநிலங்களவை உறுப்பினரும் ஆனார்.

அந்தத் தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருந்திருக்கலாம். அவரோடு இன்னொரு நீதிபதியும் உடன்பட்டார். ஆனால் ஒரு மாதத்தில் வந்த ராஜினாமாவுக்குப் பிறகு அதைச் சட்டமாக மட்டும் படிக்க யாருக்கும் மனம் வராது. இரண்டு பேரும் அரசியலிலிருந்து வந்தவர்கள். வித்தியாசம், வந்த வழியைவிடத் திரும்பிப் போன வழியில் இருக்கிறது. நியமனத்தின்போது எல்லோரும் பழைய கட்சியைப் பற்றிக் கேட்கிறார்கள். ஓய்வுக்குப் பின் எங்கே போகலாம் என்பதைப் பற்றி அரசியலமைப்பு கேட்பது ஒன்றுதான்: ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி வக்கீலாக ஆஜராகக் கூடாது. வேட்பாளராக நிற்பதைப் பற்றி அது பேசவில்லை.

மாற வேண்டியவை

2023 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு, மத்தியில் ஆண்ட கட்சியின் மகளிர் அணியில் பொறுப்பில் இருந்த ஒரு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டபோது எதிர்ப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசியல் பின்னணி மட்டுமே தடையில்லை என்பதை எதிர்த்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் ஆட்சேபம் சில பேச்சுகளைப் பற்றியது. தகுதி இருக்கிறதா என்பதை நீதிமன்றம் பார்க்கலாம், பொருத்தமானவரா என்பதைப் பார்க்க முடியாது என்று மனுக்கள் தள்ளுபடியாயின. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே சென்னையில் பதவிப் பிரமாணம் நடந்தது. 1968-ல் இல்லாத விதிகள் 2023-லும் இல்லை.

கிருஷ்ண ஐயர் விஷயத்தை வைத்துப் பார்த்தால் மூன்று இடங்களில் விதி வேண்டும் என்று தோன்றுகிறது. தேர்தலில் நின்றவர், கட்சிப் பொறுப்பில் இருந்தவர் நீதிபதியாகும் முன் ஒரு கட்டாய இடைவெளி. எத்தனை ஆண்டு என்று பேசித் தீர்க்கலாம். மூன்று குறைவு என்பது என் எண்ணம். அதேபோல் ஆசனத்தை விட்டவர் வேட்பாளராகவோ நியமன உறுப்பினராகவோ ஆகும் முன்னும் ஓர் இடைவெளி. இரண்டாவதுதான் அவசரம். பழைய விசுவாசத்தை ஒருவர் மறந்துவிட வாய்ப்புண்டு. வரப்போகும் பதவியை மறப்பது அதைவிடக் கடினம்.

மூன்றாவது அந்தத் தொலைபேசி. கோகலே பேசியது நமக்குத் தெரிவது, கிருஷ்ண ஐயரே பிற்காலத்தில் சொன்னதால். 1997-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொண்ட 16 அம்ச நெறிமுறையில், குடும்பத்தினரோ நண்பரோ சம்பந்தப்பட்ட வழக்கைக் கேட்கக் கூடாது என்று இருக்கிறது. பழைய கட்சி பற்றி அதில் இல்லை. நிலுவையில் உள்ள அல்லது வரப்போகும் வழக்கு பற்றி அரசுத் தரப்பிலிருந்து யார் நீதிபதியைத் தொடர்புகொண்டாலும், அதை அவர் எழுத்தில் ரெஜிஸ்ட்ரிக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கு முதல்முறை அழைக்கப்படும்போது எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்தக் குறிப்பின் நகல் கிடைக்க வேண்டும். இதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. நீதிமன்றம் தன் நடைமுறை விதிகளில் சேர்த்தாலே போதும்.